பதினேழாவது நிமிடம்

ருஸ்லி, உன் பெயர் கிராண்ட்டில் இருக்கிறது.
முகம் தெரியாது. கை தெரியும்.

ஹெட்லைட்டுக்குப் பின்னால்
பச்சையோடு சிவப்பை முறுக்கி
அதன்மேல் ஏழு சுற்று கறுப்பு டேப்.
கோபத்தில் சுற்றியது;
ஒரு சுற்றுகூட நேராகப் படியவில்லை.
சைட் ஸ்டாண்ட் சுவிட்சை வெட்டி
இரண்டு முனையையும் கட்டிப்போட்டிருக்கிறாய்.
பெட்ரோல் குழாயில் ஒன்றுக்கு இரண்டு ஃபில்டர்.
காயில் புதுசு.
அதைப் பிடித்திருந்த ஆணி மட்டும்
ஏதோ அலமாரியில் கழற்றியது.

சிரித்தேன்.
பாயா தெருபோங் பிளாட்டின் கீழே
குப்பை அறைக்குப் பக்கத்துக் கட்டத்தில்
பழைய பிரிட்ஜ் அட்டையை விரித்து
நைட் ஷிஃப்ட் இல்லாத இரவுகளில்
உன்னைக் கம்பி கம்பியாகப் பிரித்தேன்.
தொழிற்சாலையில் என் வேலையும் அதுதான்,
நகக்கண்ணளவு சில்லைப் பெரிதாக்கிப் பார்த்து
எங்கே கருகியது என்று எழுதித்தருவது.

சீட்டின் நுரையை ரொட்டிக் கத்தியால்
இரண்டு விரல் செதுக்கினேன்.
இப்போது இரண்டு காலும் தரையில் படும்.
"இவ்வளவு உயர மோட்டார் உனக்கெதற்கு?"
மூன்றாம் மாடி அருளப்பன் கேட்டார்.
அவரையே விளக்குப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தார்.

ஆனால் மோட்டார் நின்றது.
துன் சார்டோன் சாலை ஏற்றத்தில்
பதினேழாவது நிமிடத்தில்
முதலில் ஒரு விக்கல், பிறகு ஒரு பெருமூச்சு,
பிறகு தவளைச் சத்தம் மட்டும்.
அந்த வளைவில் சியூ கெங்கின் டுரியான் கடை.
மூன்றாம் முறை நாற்காலி போட்டார்.
ஐந்தாம் முறை "லாகி?" என்றார்.
ஆறாம் முறை ஒன்றும் சொல்லாமல்
ஒரு சுளையை நீட்டினார்.

பிளக்கைக் கழற்றினேன்: பால்காப்பி நிறம், குற்றமில்லை.
கார்புரேட்டரை மைலோ டின்னில் ஊறவைத்து
ஜெட்டின் துளை வழியே மாடிப்படி விளக்கைப் பார்த்தேன்.
முழு நிலா.
காயிலை அளந்தேன். பேட்டரியை அளந்தேன்.
எண்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள்.

நின்றதும் ஒவ்வொரு முறையும்
எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பேன்.
இருக்கும். மூடுவேன். கொஞ்ச நேரத்தில் கிளம்பும்.
சூடு ஆறியதால் என்று நினைத்தேன்.
நாற்காலியால், சுளையால் என்றுகூட.

ஏழாம் முறை மழை இல்லை, லாரி இல்லை.
மூடியைத் திறந்தபோது கேட்டது
ஸ்ஸ்...
உள்ளே இழுக்கும் சத்தம்.
அட, இதுவா.
எண்ணெய் இறங்க வேண்டுமென்றால்
அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும்.

மூடியிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்குள் போகும்
மெல்லிய ரப்பர் குழாய்.
கித்தார் கம்பியை விட்டுக் குத்தினேன்.
பல்லி முட்டையளவு மண்.
உடைத்தால் உள்ளே குளவி சேர்த்துவைத்த
நாலு பச்சைப் புழு, நூலாகச் சுருங்கி.
ஓரத்தில் அதன் பிள்ளை,
பெட்ரோல் வாசத்தில் வளராமலே
அரிசி நொய்யாய்க் காய்ந்து.

மண் பழையது, ருஸ்லி.
என்னிடம் வருவதற்கு முன்பே காய்ந்த மண்.

அப்போதுதான் உறைத்தது.
அந்த டேப், அந்தச் சுவிட்ச், இரண்டாவது ஃபில்டர்,
அலமாரி ஆணி.
நீயும் எங்கோ ஓர் ஏற்றத்தில்
பதினேழாவது நிமிடத்தில் நின்று
வீட்டுக்கு வந்து ஒன்றை வெட்டியிருக்கிறாய்.
மறுபடி நின்று இன்னொன்றை.
கடைசியில் விலையை வெட்டினாய்.
அந்த விலையில்தான் நான் வாங்கினேன்.

குழாயின் வாயில் ஸ்டாக்கிங் துணி கட்டி
மறுநாள் காலை ஏறினேன்.
சியூ கெங் சத்தம் கேட்டு நாற்காலியைத் தூக்கினார்.
நான் நிற்கவில்லை.
கண்ணாடியில் அவர் நாற்காலியோடு
சின்னதாகிக்கொண்டே போனார்.
பாலிக் புலாவில் கறி மீ சாப்பிட்டுத் திரும்புகையில்
இரண்டு பழம் வாங்கினேன், காசு கொடுத்து.

இரவு மண்ணையும் புழுவையும் படமெடுத்து
ரசீதில் இருந்த உன் எண்ணுக்கு அனுப்பினேன்.
நீலக் குறி விழுந்தது.
வெகுநேரம் ஏதோ எழுதினாய், அழித்தாய், எழுதினாய்.
பிறகு ஒரே வரி:
"திருப்பித் தருவாயா? எவ்வளவு?"

பதில் போடவில்லை.
கையெல்லாம் கிரீஸ்.
உன் டேப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்,
ஐந்தாவது சுற்று.